வெள்ளிக் கம்பி வலையா, வாளித் தண்ணீரா, சிப்பா? மூளை மாதிரிக் கணிப்புக்கு எதைக் கட்டுவது

பாடாங் செராயிலிருந்து குலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா எட்டிப் போகும் தூரம்தான். ஒரே சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரியும் சிப்புத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸும் ஓடும். அதனால்தானோ என்னவோ, இந்தப் பக்கத்துப் பாலிடெக்னிக் இறுதியாண்டு மாணவர்களும் படிவம் ஆறு மாணவர்களும் அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்: மூளை மாதிரி வேலை செய்யும் ஒன்றைக் கட்டிக் காட்ட வேண்டும். நானோ வெள்ளிக் கம்பி வாங்கிச் செய்யலாமா, மடிக்கணினியிலேயே முடிக்கலாமா, முப்பது நாற்பது ரிங்கிட் மைக்ரோகண்ட்ரோலர், அதாவது ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கணினி, போதுமா?

நம் ஊரில் வெள்ளி என்றால் காசு. இந்தக் கட்டுரையில் வெள்ளி என்றால் உலோகம். காசை ரிங்கிட் என்றே எழுதுகிறோம். இல்லாவிட்டால் "இரண்டாயிரம் வெள்ளிக்கு வெள்ளி" என்று எழுத வேண்டி வரும்.

எல்லா வழிகளையும் ஒரே வேலையை வைத்து எடை போடுவோம். ஆலையில் ஓடும் ஒரு மோட்டாரின் பேரிங் தேய்கிறதா என்பதை அதன் அதிர்விலிருந்து சொல்ல வேண்டும். இதுதான் வேலை. 

## எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் ஒரே யோசனை

வழக்கமான நியூரல் நெட்வொர்க்கில் (நரம்பு வலை மாதிரி இணைத்த கணிப்பு முறை) உள்ளிருக்கும் இணைப்புகள் அத்தனையையும் பயிற்சி கொடுத்துத் திருத்துவார்கள். ரிசர்வாயர் கணிப்பு என்ற முறையில் நடுவில் இருக்கும் வலையைத் தொடுவதே இல்லை. சமிக்ஞையை உள்ளே விடுவோம். அது அலைந்து, ஒன்றோடொன்று கலந்து, மெல்ல அடங்கும். அப்போது பல இடங்களில் அளந்து, எந்த அளவை எவ்வளவு பங்கு சேர்த்தால் வேண்டிய விடை வரும் என்பதை மட்டும் கணக்கிடுவோம். கணக்கும் சாதாரண நேர்கோட்டுக் கணக்குத்தான். ஹெர்பர்ட் யேகர் 2001-லும், வொல்ஃப்காங் மாஸ் குழுவினர் 2002-லும் தனித்தனியே இதை முன்வைத்தார்கள்.

நடுவில் இருப்பது எதுவாகவும் இருக்கலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. மூன்று குணம் இருந்தால் போதும்: இரட்டிப்பாகத் தட்டினால் இரட்டிப்பாக மட்டும் பதில் சொல்லக் கூடாது, சற்று முன் வந்ததைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்து மறக்க வேண்டும், அதே மாதிரி தட்டினால் அதே மாதிரி பதில் சொல்ல வேண்டும். கடைசிக் குணத்தில்தான் வீட்டில் செய்யும் வலைகள் பெரும்பாலும் விழுகின்றன.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி நோக்கம். ஆலையில் மாட்டி ஓடவிடும் கருவி வேண்டுமா, யோசனை புரிய வேண்டுமா, பிறகு ஆய்வுக்குப் போக வேண்டும் என்ற எண்ணமா? இதைத் தீர்மானிக்காமல் பொருள் வாங்கப் போனவர்கள்தான் பாதியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தது பணம்; பொருளின் விலையைவிட அளக்கும் கருவியின் விலையைப் பாருங்கள். மூன்றாவது நேரம். ஒரு தவணை 14 வாரம் என்று வைத்துக்கொள்வோம். நான்காவது, இன்று வந்த விடை நாளையும் வருமா என்பது. ஐந்தாவது நம் ஊர்க் காற்று: ஈரம், கந்தகம், காற்றாடி. கடைசியாக, "உங்கள் வலைதான் இதைச் செய்தது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று தேர்வாளர் கேட்டால் காட்ட ஒன்று இருக்க வேண்டும்.

| வழி | கைக்காசு | நேரம் | அதே விடை திரும்ப வருமா | முதலில் கெடுவது |
|---|---|---|---|---|
| மடிக்கணினியில் ஒப்புருவாக்கம் (வலையைக் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பது) | ஏதுமில்லை | 1–2 வாரம் | எப்போதும் | மாணவரின் கணக்குப் பிழை |
| தண்ணீர்த் தட்டு | 100 ரிங்கிட்டுக்குள் | 2–3 வாரம் | ஓரளவு | வெளிச்சமும் காற்றாடியும் |
| வெள்ளி நானோகம்பி வலை | ஆயிரத்தைத் தாண்டலாம் | 10 வாரத்துக்கு மேல் | கட்டுப்படுத்தினால் மட்டும் | மின்முனை, அளவீடு, காற்று |
| மைக்ரோகண்ட்ரோலரும் அதிர்வு உணரியும் | 100 ரிங்கிட்டுக்குள் | 3–4 வாரம் | ஆம் | உணரி ஒட்டிய விதம் |
| நியூரோமார்ஃபிக் சிப்பு (மூளையைப் பார்த்து வடிவமைத்தது) | கிடைப்பதைப் பொறுத்தது | கிடைப்பதைப் பொறுத்தது | ஆம் | வாங்குவதே |

## மடிக்கணினியில் ஒப்புருவாக்கம்

பைத்தான் மொழியும் அதன் நம்பை கணக்குத் தொகுப்பும் இருந்தால் நாற்பது வரியில் முடியும். 200 முனைகள், ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்கு முனைகளோடு மட்டும் குத்துமதிப்பாக இணைந்திருக்கட்டும். இணைப்பு அணியின் மிகப் பெரிய ஐகன் மதிப்பை (ஒவ்வொரு படியிலும் சமிக்ஞை எவ்வளவு பெருகும் என்பதைச் சொல்லும் எண்) 0.9-க்குச் சுருக்குங்கள், 1-ஐத் தாண்டினால் வலை பழையதை மறக்காமல் தானே ஆடத் தொடங்கும் ஆபத்து உண்டு. முதல் 100 படிகளைத் தூக்கி எறியுங்கள், அவை தொடக்க நிலையின் எச்சம். அடுத்த 2,000 படிகளில் பயிற்சி, அதற்குப் பிறகு வருவதில் சோதனை. ரிட்ஜ் ரிக்ரெஷன் (பங்குகள் அளவுக்கு மீறிப் பெரிதாகாமல் பிடித்துவைக்கும் நேர்கோட்டுக் கணக்கு) போடும்போது அந்தப் பிடியைப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவிலிருந்து தொடங்கி, பத்து மடங்காக ஏற்றிப் பாருங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. பயிற்சித் தரவு, சோதனைத் தரவு இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்து அளவைச் சமப்படுத்திவிட்டு, பிறகு பிரிப்பார்கள். சோதனையின் வாசனை பயிற்சிக்குள் கசிந்துவிடும், விடை பொய்யாக நன்றாக வரும். பிரித்த பிறகு, பயிற்சிப் பகுதியின் சராசரியை மட்டும் கொண்டு சமப்படுத்த வேண்டும். அதோடு, ஒரே குத்துமதிப்பு வலையின் விடையை மட்டும் காட்டாதீர்கள். பத்து வலை உருவாக்கி, பத்து விடையையும் அவற்றின் சிதறலையும் காட்டுங்கள்.

மறைந்திருக்கும் செலவு பணமல்ல. கண்காட்சி மேசையில் ஒரு மடிக்கணினியை வைத்தால் கூட்டம் நிற்காது. ஆனால் வேறு எந்த வழிக்குப் போனாலும் இதை முதலில் செய்தே ஆக வேண்டும். அதே பயிற்சிக் கணக்குதான் தண்ணீருக்கும் நானோகம்பிக்கும் வரப்போகிறது. இங்கே பிழை திருத்தாதவர் அங்கே பிழை பொருளிலா கணக்கிலா என்று தெரியாமல் தவிப்பார்.

## தண்ணீர்த் தட்டு

விளையாட்டல்ல. 2003-ல் கிறிசந்தா ஃபெர்னாண்டோவும் சம்ப்சா சொஜாக்காவும் வாளித் தண்ணீரின் அலைகளைப் படம் பிடித்து, அவற்றைக் கொண்டு தர்க்கச் சோதனையையும், பேசிய இரண்டு சொற்களைப் பிரித்தறிவதையும் செய்து காட்டினார்கள். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கும் ரிசர்வாயர் என்றால் என்ன என்று ஐந்து நிமிடத்தில் கண்ணால் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை.

தட்டையான பிளாஸ்டிக் தட்டில் 2 செ.மீ. தண்ணீர், ஓரத்தில் இரண்டு சிறு அதிர்வு மோட்டார்கள், மேலே கைப்பேசி. இரு மோட்டாரில் ஒன்று மட்டும் ஓடினால் ஒன்று, இரண்டும் ஓடினாலோ ஓடாவிட்டாலோ பூஜ்யம். இதுதான் கணக்கு, நேர்கோட்டுக் கணக்கால் மட்டும் இதைப் பிரிக்க முடியாது. படத்தை 20க்கு 20 கட்டங்களாகச் சுருக்கி, கட்டங்களின் வெளிச்சத்தை அளவாக எடுங்கள்.

எது கெடுக்கும் தெரியுமா? மண்டபத்துக் காற்றாடி. தண்ணீர் முகத்தில் நீங்கள் போடாத அலையை அது போட்டுக்கொண்டே இருக்கும். நிறுத்த முடியாவிட்டால் தட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். கைப்பேசியின் தானியங்கி வெளிச்சச் சீரமைப்பைப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் அலையைப் பார்த்து அது வெளிச்சத்தை மாற்றும், வலை கற்றது தண்ணீரையா கேமராவையா என்று தெரியாது. ஓரத்தில் பஞ்சு வைத்தால் அலை திரும்பி மோதுவது குறையும். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நிமிடம் விடுங்கள்.

பேரிங் வேலைக்கு இது உதவாது. 30 படம் எடுக்கும் கேமராவால் நொடிக்கு 15 அசைவுக்கு மேல் பார்க்க முடியாது.

## வெள்ளி நானோகம்பி வலை

கேள்வி கேட்பவர்களில் பெரும்பாலானோரின் மனம் இதில்தான் இருக்கிறது, அதனால் இங்கே சற்று நின்று பார்ப்போம்.

ஒவ்வொரு கம்பியும் சுமார் 100 நானோமீட்டர் தடிமன், 20–50 மைக்ரோமீட்டர் நீளம். ஐசோபுரொப்பனாலில் மிதக்கவிட்டு விற்கிறார்கள். கம்பியைச் சுற்றி பிவிபி என்ற பாலிமர் தோல் சில நானோமீட்டர் கனத்தில் இருக்கும். துளி துளியாக விட்டு உலர்த்தினால் கம்பிகள் கண்டபடி ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். யாரும் வரைபடம் போட்டு அடுக்கவில்லை, தானாக அமைந்த வலை.

விஷயம் இருப்பது இரண்டு கம்பி குறுக்கே படியும் இடத்தில். நடுவில் பிவிபி தோல் இருப்பதால் முதலில் மின்சாரம் போவது அரிது. மின்னழுத்தம் கொடுத்தால் வெள்ளி அயனிகள் அந்தத் தோலுக்குள் நகர்ந்து, மெல்லிய வெள்ளி இழை ஒன்று வளர்ந்து, பாதை திறக்கும். அழுத்தத்தை எடுத்துவிட்டால் இழை கரைந்து, பாதை மூடும். தோட்டத்து ஒற்றையடிப் பாதையும் இப்படித்தான்: ஆள் நடந்தால் பாதை, சில வாரம் விட்டால் லாலாங் மூடிவிடும். ஒரு சந்திப்பில் பாதை திறந்தால் பக்கத்துச் சந்திப்புகளின் அழுத்தமும் மாறும். அதனால் முழு வலையும் சேர்ந்து பதில் சொல்லும்.

இதன் அடி வேர் மெமிரிஸ்டர், அதாவது தன் வழியே முன்பு ஓடிய மின்சாரத்தை நினைவில் வைக்கும் எதிர்ப்பி: லியோன் சுவா 1971-ல் கணக்கில் காட்டினார், எச்பி ஆய்வகம் 2008-ல் சிப்பில் காட்டியது. வெள்ளி சல்ஃபைடில் அணு அளவு ஸ்விட்ச்சை ஜப்பானில் தெராபே, ஆவோனோ குழு 2005-ல் வெளியிட்டது. கலிஃபோர்னியாவில் ஜிம்செவ்ஸ்கியும் ஸ்டீக்கும் அதை வலையாக வளர்த்தார்கள். இன்று சிட்னியில் குன்சிச் குழு, தூரினில் மிலானோவும் ரிச்சார்டியும், நியூசிலாந்தின் கேன்டர்பரியில் வெள்ளீயத் துகள்களோடு சைமன் பிரவுன், கியூஷுவில் தனகா என்று பலர் இதில் இருக்கிறார்கள்.

எதிர்பார்ப்பை இங்கேயே அளந்துகொள்ளுங்கள். சிட்னி குழு 2023-ல் கையெழுத்து எண்களை அடையாளம் காண நானோகம்பி வலைக்கு வந்த தரவை அப்போதைக்கப்போதே கற்கவைத்து 93.4 விழுக்காடு எடுத்தது. நல்ல வேலைதான். ஆனால் அதே எண்களில் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற சாதாரணக் கணக்கே சுமார் 92 எடுக்கும். 1998-இன் லெநெட் என்ற நியூரல் நெட்வொர்க் 99-ஐத் தொட்டுவிட்டது. அந்த ஆய்வின் மதிப்பு விழுக்காட்டில் இல்லை, தரவைச் சேமித்து வைக்காமல் ஓடும்போதே கற்றதில் இருக்கிறது. "துல்லியம் கூடும்" என்று விண்ணப்பத்தில் எழுதாதீர்கள்.

### எவ்வளவு துளி?

விளக்குமாற்றைப் பிரித்து ஈர்க்குகளைச் சிமெண்டுத் தரையில் வீசுங்கள். எத்தனை வீசினால் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு ஈர்க்கு மேலேயே போக முடியும்? இதற்குக் கணிதத்தில் விடை உண்டு. ஒரு சதுர அலகில் உள்ள குச்சிகளின் எண்ணிக்கையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஏறக்குறைய 5.64 வர வேண்டும். 60 செ.மீ. ஈர்க்கு என்றால், 3 மீட்டருக்கு 3 மீட்டர் தரையில் சுமார் 140 ஈர்க்கு. 100 வரை தனித்தனித் தீவு. 180-ல் எங்கு போனாலும் பாதை. மாணவர்களோடு ஒருமுறை செய்து பாருங்கள், மாறும் இடம் எவ்வளவு திடீரென்று வருகிறது என்பது தெரியும்.

அதே கணக்கை 25 மைக்ரோமீட்டர் கம்பிக்குப் போட்டால் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 9,000 கம்பி. 100 நானோமீட்டர் தடிமனில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குத் தேவையான வெள்ளி 2 மைக்ரோகிராம்கூட இல்லை. மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் என்று வரும் கரைசலை ஐசோபுரொப்பனாலால் 50 மடங்கு நீர்க்கச் செய்தால், எல்லையைத் தொடச் சுமார் 19 மைக்ரோலிட்டர். நல்ல வலைக்கு இரண்டு மூன்று மடங்கு, அதாவது 40–60 மைக்ரோலிட்டர். அதற்கு மேல் கொட்டினால் வெறும் உலோகப் படலம்போல ஆகிவிடும், சந்திப்புகளின் ஆட்டம் தெரியாது. வாங்கிய 25 மில்லிலிட்டரில் உங்கள் தேவை சில துளிதான், ஆனால் சில துளியாக யாரும் விற்பதில்லை. பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு மில்லிலிட்டர் கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

### செய்முறையும் அது கெடும் இடங்களும்

1. கண்ணாடித் தகட்டைச் சோப்பு, காய்ச்சி வடித்த நீர், ஐசோபுரொப்பனால் என்ற வரிசையில் கழுவி உலர்த்துங்கள்.
2. கரைசல் குப்பியை மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குங்கள். மீயொலித் தொட்டியில் நெடுநேரம் வைத்தால் கம்பி உடைந்து குட்டையாகும். நீளம் பாதியானால், மேற்சொன்ன கணக்கின்படி, நான்கு மடங்கு கம்பி தேவைப்படும்.
3. 20 மைக்ரோலிட்டர் வீதம் மூன்று முறை விடுங்கள். ஒவ்வொன்றும் உலர்ந்த பிறகு அடுத்தது. மேலே பெட்ரித் தட்டைக் கவிழ்த்து மெல்ல உலரவிடுங்கள். விரைந்து உலர்ந்தால் காப்பிக் கறை மாதிரி கம்பி முழுக்க ஓரத்தில் ஒதுங்கும், நடு காலியாகிவிடும்.
4. மேலே 4க்கு 4 என்று 16 வெள்ளிப் பசைப் புள்ளிகள். ஒன்று உள்ளீடு, ஒன்று தரை, மீதி 14 அளவிடும் இடங்கள்.

பிசிபி என்ற சுற்று அச்சடித்த பலகையில் தங்க முலாம் பூசிய முனைகள் கிடைக்கின்றனவே, அதன் மேலேயே துளி விடலாமே என்று தோன்றும். வழக்கமான பிசிபியில் செம்பு 35 மைக்ரோமீட்டர் உயரம். உங்கள் கம்பியின் நீளமே 25. படியேற முடியாமல் வலை ஓரத்தில் அறுந்துவிடும்.

உள்ளீட்டில் 10 கிலோ ஓம் எதிர்ப்பி தொடராக இருக்கட்டும். 3.3 வோல்ட்டில் அது மின்னோட்டத்தை 330 மைக்ரோஆம்பியருக்குள் பிடித்து வைக்கும். இல்லாவிட்டால் முதலில் திறக்கும் ஒரே பாதையில் எல்லா மின்னோட்டமும் பாய்ந்து, அந்தச் சந்திப்பு சூடேறி உருகிப் போகும்.

### அளவிடும் இடத்தில் இருக்கும் பேய்

பலர் ஏமாறுவது இங்கேதான். 14 முனைகளையும் ஒரு மல்டிபிளெக்சர் (பல கம்பிகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச்) வழியாக ஒரே ஏடிசியில் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) மாறி மாறிப் படிப்பீர்கள். வலையின் எதிர்ப்பு மெகா ஓம் அளவில் இருக்கும்போது ஏடிசிக்குள் இருக்கும் குட்டிக் கெப்பாசிட்டர் நிரம்ப நேரம் போதாது. முந்தைய முனையின் மின்னழுத்தம் அடுத்த முனையில் மிச்சமாகத் தெரியும். திரையில் பார்த்தால் அது "வலையின் நினைவு" போலவே இருக்கும். நினைவு வலையில் இல்லை, உங்கள் ஏடிசியில் இருக்கிறது. அர்டுயினோ உனோவின் சிப்பே 10 கிலோ ஓமுக்குள் இருக்கும் மூலத்தைத்தான் எதிர்பார்க்கிறது.

மருந்து எளிது. ஒவ்வொரு முனைக்கும், மல்டிபிளெக்சருக்கு முன்னால், ஒரு ஆப்-ஆம்ப் தாங்கி (வலையைச் சுமையாக இழுக்காமல் அதே மின்னழுத்தத்தை வலுவாக்கிக் கொடுக்கும் சிறு சுற்று). எம்சிபி6004 என்ற சிப்பில் நான்கு இருக்கும், அதனால் நான்கு சிப்பு போதும். அடுத்து, இஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலரின் உள் ஏடிசியை நம்பாதீர்கள். அதன் நேர்கோடு வளைந்தது என்பது ஊரறிந்தது. வலை செய்யாத வளைவை அது செய்து காட்டும். ஏடிஎஸ்1115 என்ற தனி ஏடிசி வாங்கிப் போடுங்கள். நொடிக்கு 860 அளவு எடுக்கும், 14 முனைக்குப் பிரித்தால் முனைக்கு அதிகபட்சம் 61. மெதுவான சமிக்ஞைக்கு அது தாராளம்.

வலை உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை: 5 ஹெர்ட்ஸ் சைன் அலையை விடுங்கள். வெறும் எதிர்ப்பிகள் கொண்ட வலையில் 5 ஹெர்ட்ஸ்தான் திரும்ப வரும். சந்திப்புகள் ஆடும் வலையில் 10, 15, 20 ஹெர்ட்ஸிலும் உச்சம் எழும். பிறகு நானோகம்பித் தகட்டைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் சாதாரண எதிர்ப்பிகளைக் கோத்து, எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுங்கள். இரண்டு விடையும் ஒன்றாக இருந்தால் உங்கள் நானோகம்பி எதையும் செய்யவில்லை. இந்த ஒப்பீட்டை அறிக்கையில் வைக்காத வேலையை நாங்கள் நம்புவதில்லை.

### நம் ஊர்க் காற்று

வெள்ளிக்கு எமன் கந்தகம். பாட்டியின் கொலுசு கறுப்பது எதனாலோ அதனாலேயே நானோகம்பியும் கறுக்கும். கொலுசில் மேல்தோல் மட்டும் போகும், 100 நானோமீட்டர் கம்பியில் ஆளே போய்விடும். செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குளத்திலிருந்து எழும் வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டு. காற்று அந்தப் பக்கமிருந்து வீசும் நாளில் மூக்கே சொல்லும். இன்னொன்றும் உண்டு, தோட்டப் பட்டணத்தில் யாரும் யோசிக்காதது: ரப்பர் பட்டை. ரப்பரைப் பதப்படுத்துவது கந்தகத்தைக் கொண்டு. நானோகம்பித் தகட்டை டப்பாவில் போட்டு ரப்பர் பட்டை சுற்றி மூடி வைப்பது, நகைப்பெட்டிக்குள் திருடனை வைத்துப் பூட்டுவது.

ஈரம் வேறு கதை. பிவிபி ஈரத்தை உறிஞ்சும், ஈரம் கூடினால் வெள்ளி அயனி வேகமாக நகரும். மதியம் ஒரு விடை, மாலை மழைக்குப் பிறகு வேறு விடை. சிலிக்கா ஜெல்லோடு மூடிய கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பக்கத்திலேயே ஈரப்பத உணரி ஒன்றையும் வைத்து, ஒவ்வொரு சோதனையோடும் அந்த எண்ணையும் எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து விடை ஏன் மாறியது என்ற கேள்வி வரும்போது அந்த ஒரு பத்தி எண்கள் காப்பாற்றும்.

### மறைந்திருக்கும் செலவு

கரைசல் தீப்பற்றும் பொருள், கூரியரில் சாதாரணப் பொட்டலமாக வராது. ரசாயன விற்பனையாளர்கள் பெரும்பாலும் நிறுவனங்களுக்குத்தான் விற்பார்கள். விலைப்புள்ளி, கொள்முதல் ஆணை என்று வாரங்கள் கரையும். மைக்ரோபிப்பெட், நுண்ணோக்கி எல்லாம் கடன் வாங்க வேண்டும். மிச்சக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, வெள்ளி மீனுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் நஞ்சு.

"கம்பியை நாமே தயாரித்தால்?" என்ற கேள்வியும் வரும். எத்திலீன் கிளைக்காலைச் சுமார் 160 டிகிரிக்குச் சூடாக்கி வெள்ளி நைட்ரேட்டும் பிவிபியும் சேர்க்கும் முறை அது. புகை உறிஞ்சும் அறை இல்லாமல் வேண்டாம். செம்புக் கம்பியை வெள்ளி நைட்ரேட்டில் வைத்து வெள்ளி மரம் வளர்ப்பது பள்ளி ஆய்வகத்திலேயே முடியும், அழகாகவும் இருக்கும். ஆனால் அது வெறும் உலோகம். கலிஃபோர்னியக் குழு அப்படி வளர்த்த வெள்ளியைக் கந்தக ஆவியில் வைத்துச் சல்ஃபைடாக்கிய பிறகுதான் ஸ்விட்ச் கிடைத்தது. அந்த இரண்டாம் பாதியை வகுப்பறையில் செய்ய முடியாது.

### பேரிங் வேலைக்கு?

நேரடியாக ஒத்துவராது. வெள்ளிச் சந்திப்புகளின் ஆட்டம் பெரும்பாலும் மில்லிநொடியிலிருந்து நொடிகள் வரை, நம் அளவீடும் மெதுவானது. அதிர்வின் வேகத்தை முதலில் வேறு சுற்றால் குறைத்துத்தான் வலைக்குக் கொடுக்க முடியும். அந்தச் சுற்றே பாதி வேலையை முடித்துவிடும்.

## மைக்ரோகண்ட்ரோலரும் அதிர்வு உணரியும்

இதில் நானோவும் இல்லை, மூளையும் இல்லை. ஆனால் ஆலைக்காரர் காசு கொடுத்து வாங்குவது இதைத்தான்.

நான்கு துருவ மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 1,450 சுற்று, நொடிக்கு 24.2. 6205 பேரிங்கில் 9 குண்டுகள். வெளி வளையத்தில் குழி விழுந்தால் சுற்றுக்கு 3.585 தட்டு, ஆக 87 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 174, 261-லும் உச்சம் எழும். ஏடிஎக்ஸ்எல்345 உணரியை நொடிக்கு 3,200 அளவில் ஓட்டி 1,024 அளவுகளுக்கு எஃப்எஃப்டி (அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் கணக்கு) போட்டால் 3.1 ஹெர்ட்ஸ் இடைவெளியில் எல்லாம் பிரிந்து தெரியும். 100 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலும் தனியே நிற்கும். அந்த வேகத்துக்கு எஸ்பிஐ என்ற வேகமான இணைப்பு வேண்டும். மெதுவான ஐ-ஸ்கொயர்-சி இணைப்பில் போட்டுவிட்டு அளவுகள் விட்டுப்போகின்றன என்று புலம்புபவர்கள் அதிகம்.

கெடுவது ஒட்டும் இடத்தில். இருபக்கப் பஞ்சு டேப்பில் ஒட்டினால் பஞ்சு உயர் அதிர்வை விழுங்கிவிடும். காந்தத்தாலோ எப்பாக்சியாலோ பேரிங் வீட்டின் மேலேயே ஒட்டுங்கள், விசிறி மூடியின் மேல் அல்ல. பழுதான பேரிங்கின் பதிவு ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். நல்ல பேரிங் மட்டுமே பார்த்த நிரல் பழுதைப் பிடிக்கிறதா என்று சோதித்துக் காட்ட முடியாது. ஆலைப் பட்டறையில் கழற்றிப் போட்ட பேரிங்கைக் கேட்டால் தருவார்கள்.

முதலாவது வழியில் எழுதிய 200 முனை ரிசர்வாயரை 50 முனையாகச் சுருக்கி இந்தச் சிப்பிலேயே ஓட்டலாம். மூளை மாதிரிக் கணிப்பும் ஆயிற்று, ஓடும் கருவியும் ஆயிற்று. பாலிடெக்னிக் இறுதியாண்டுத் திட்டத்துக்கு இந்தக் கலவையைத்தான் நாங்கள் பரிந்துரைப்போம்.

## நியூரோமார்ஃபிக் சிப்பு

ஐபிஎம் 2014-ல் காட்டிய ட்ரூநார்த்தில் பத்து லட்சம் நியூரான், 25.6 கோடி சினாப்ஸ் (நியூரான்களுக்கு நடுவே உள்ள இணைப்பு), சுமார் 70 மில்லிவாட். இன்டெலின் லோய்ஹி 2 2021-ல் வந்தது. இரண்டும் வடிவமைத்துச் செதுக்கியவை. தானாக அமைந்த பொருள் அல்ல. கடையில் வாங்கும் சரக்கும் அல்ல, லோய்ஹி ஆய்வுக் கூட்டாளிகளுக்குத்தான் கிடைக்கும். இறுதியாண்டுத் திட்டத்துக்கு இதை மறந்துவிடுங்கள். மேற்பார்வையாளரிடம் ஏற்கெனவே அனுமதி இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

## யாருக்கு எது

தமிழ்ப்பள்ளி அறிவியல் விழா, நான்கைந்து வாரம், நூறு ரிங்கிட்: தண்ணீர்த் தட்டும் ஈர்க்குத் தரையும். ஈர்க்குக்குக் காசே ஆகாது.

படிவம் ஆறு முடித்து, பல்கலைக்கழக இடத்துக்குக் காத்திருக்கும் மாதங்கள்: மடிக்கணினி. எண்கணக்கில் கை பழகிவிட்டால் எந்தத் துறைக்குப் போனாலும் வீணாகாது.

பாலிடெக்னிக் இறுதியாண்டு, கருவி காட்டியே ஆக வேண்டும்: மைக்ரோகண்ட்ரோலரில் ஓடும் ரிசர்வாயர்.

நானோகம்பி யாருக்கு? நீபோங் தெபாலில் உள்ள யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகம் போன்ற இடத்தில் ஒரு மேற்பார்வையாளர் சம்மதித்து, அவர் ஆய்வகத்திலேயே கரைசலும் நுண்ணோக்கியும் இருந்து, துல்லியம் குறைவாக வந்தாலும் பரவாயில்லை என்று நீங்களும் அவரும் முன்கூட்டியே பேசிக்கொண்டவர்களுக்கு. அப்படிப்பட்டவர் தைரியமாக இறங்கலாம். ஒரு தகட்டின் மாற்றத்தை ஈரப்பதத்தோடு சேர்த்து எட்டு வாரம் ஒழுங்காகப் பதிவுசெய்தாலே, வெப்பமண்டலக் காற்றில் இது எப்படி நடந்துகொள்கிறது என்று காட்டும் உருப்படியான தரவு கையில் இருக்கும்.

இறங்குபவர்கள் நாட்காட்டியில் நான்காம் வார வெள்ளிக்கிழமையை வட்டமிட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்குள் கரைசல் கைக்கு வந்து, ஒரு தகட்டிலாவது 10 ஹெர்ட்ஸ் உச்சம் எழவில்லை என்றால், அதே பயிற்சிக் கணக்கை எடுத்துக்கொண்டு அதிர்வு உணரிப் பக்கம் மாறிவிடலாம். ஆப்-ஆம்ப் பலகையை முதல் மூன்று வாரத்திலேயே, சாதாரண எதிர்ப்பிகளை வைத்துச் சோதித்து முடித்துவிடுங்கள்.